ஆர்.டி.ஓ. குடித்த தண்ணீர்

வக்கீல் தொழிலில் எதிர்க்கட்சியைக்கூடச் சமாளித்துவிடலாம். நம் கட்சிக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்திருக்கிற சக வக்கீல்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எப்போதாவது ஒரு வக்கீலைப் படுத்தி எடுத்தவர்களாகத்தான் இருப்பீர்கள். நீங்களும் தாராளமாகப் படிக்கலாம்.

1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு துணிக்கடை மாடியில் போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே நாடே திரும்பிப் பார்த்தது. காரணம் உங்களுக்கே தெரியும். ஆனால் வடக்குப்பட்டைத் தாண்டி இருந்த ஒரு சின்னக் குடியிருப்பின் கிணற்றை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கம்பெனி கடிக்குமா?

அந்தக் குடியிருப்பிலிருந்து என்னைத் தேடி வந்தவர் ஆரோக்கியமேரி. கிணற்றுக்குப் பக்கத்தில் சைக்கிள் பாகங்களுக்கு முலாம் பூசுகிற கம்பெனி ஒன்று வந்திருந்தது. கழிவுநீரை ஒரு வாய்க்கால் வெட்டி வெளியே விட்டுவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, சோறு வடித்தால் எலுமிச்சை சாதம் மாதிரி இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கை காலெல்லாம் புண் என்றார். அப்புறம்தான் தன் சொந்தக் கவலையைச் சொன்னார். மகள் ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வர வேண்டிய நேரம். அந்தத் தண்ணீரில் எங்கள் மருமகள் குளிக்கவும் வேண்டாம், பிள்ளை பெறவும் வேண்டாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போதே மேரியம்மாவுக்குக் குரல் கம்மியது.

ஹைகோர்ட்டுக்குப் போக அவர்களுக்குத் தெம்பில்லை, எனக்கு அனுபவமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் 133-வது பிரிவு உண்டு. ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் அவரே விசாரித்து உத்தரவு போடலாம். அதைப் பிடித்துக்கொண்டேன். மனுவை டைப் அடித்துக்கொண்டிருந்த என் குமாஸ்தா கோதண்டம் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சார், இது வெறிநாய்க்கும் சாயற மரத்துக்கும் போடற செக்‌ஷனாச்சே. கம்பெனி இன்னா, கடிக்கவா போவுது?"

பஸ்ஸில் ஒரு பாட்டில்

மேரியம்மா கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். அந்தக் குடியிருப்பில் கிடைத்த ஒரே பாட்டில் ஒரு பிராந்தி பாட்டில். அதை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கிணற்றில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும், ஐயாவே நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவே பெரிய விஷயம் என்று சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

வரும் வழியில் கண்டக்டர் என் கறுப்புக் கோட்டைப் பார்த்தார், மடியிலிருந்த மஞ்சள் பாட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஏற்கனவே தள்ளி உட்கார்ந்துவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கேஸெல்லாம் கோர்ட்ல சொல்லு சார். ஒண்ணு குடிச்சிட்டு ஏறு, இல்லாட்டி எறங்கிக் குடி."

ஐயா வந்தார்

சொன்னபடியே ஆர்.டி.ஓ. ஜீப்பில் வந்து இறங்கினார். வண்டி சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது. கம்பெனி மேனேஜரும் வந்திருந்தார். தெருவெல்லாம் பெருக்கி, வாசலில் கோலம் போட்டு, மாதா கோயிலிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆர்.டி.ஓ. கிணற்றை எட்டிப் பார்த்தார். நல்ல ஆழம். அந்த ஆழத்தில் எந்தத் தண்ணீரும் கறுப்பாகத்தான் தெரியும்.

வந்து உட்கார்ந்தவர், "குடிக்கிற தண்ணி கொண்டாங்க, பாப்போம்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மேரியம்மா எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து அவருக்கும், மேனேஜருக்கும், எனக்கும் கொடுத்தார். பார்த்தேன். மஞ்சளும் இல்லை, ஒன்றும் இல்லை. குடித்தேன். ஜில்லென்று தேனாக இறங்கியது. மேனேஜர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆர்.டி.ஓ. வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "இளநி மாதிரி இருக்கே வக்கீல் சார், இதுக்கா கேஸ் போட்டீங்க?"

தலையில் கை வைத்த கதை

ஜீப் போனதும் நான் போட்ட சத்தத்தில் நாய்கள்கூட ஒதுங்கிப் போயின. கேஸ் போச்சு, கிணறு போச்சு, ஸ்டெல்லாவும் வரப்போவதில்லை என்று கத்தினேன். ரோட்டுக்கு மேற்கே ஒரு பண்ணையின் பம்ப்செட்டில் கெஞ்சிக் கேட்டு, காலையிலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் தூக்கி வந்திருக்கிறார் மேரியம்மா. ஊரே சேர்ந்து செய்த ஏற்பாடு அது. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, ஒன்றும் புரியாத குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னார்: "வூடு தேடி வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியயா குடுக்கச் சொல்ற? நல்லா கீதே உங்க சட்டம்!"

விசாரணை

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரணை நடந்த அன்று, மெட்ராஸிலிருந்து வந்திருந்த கம்பெனி வக்கீலுக்கு வேலையே இல்லை. "ஐயா, தாங்களே குடித்துப் பார்த்த தண்ணீர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து பண்ணைத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னதும், இது அப்புறம் யோசித்த கதை என்று சிரித்தார். ஆர்.டி.ஓ. பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மணியடித்துத் தன் டிரைவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஜீப்புக்கு எங்கே தண்ணீர் எடுத்தாய் என்று கேட்டார். "அந்தக் கெணத்துலதாங்க எறச்சேன். ஒரே மஞ்சளா இருந்துச்சு. ரேடியேட்டர் வீணாயிடும்னு கொட்டிட்டேங்க" என்றார் டிரைவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெட்ராஸ் வக்கீல் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆர்.டி.ஓ. மேரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, எனக்குக் குடுத்தது சரி. இந்த மேனேஜருக்காவது அந்தத் தண்ணியக் குடுத்திருந்தா கேஸ் அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மேரியம்மா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரும் புள்ளகுட்டிக்காரரு சார். தெரிஞ்சே எப்படி சார் குடுக்கறது?"

குழாயடி

வாய்க்காலை அடைக்க வேண்டும், கழிவைச் சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டு வெளியே விடக் கூடாது, அதுவரை ஊருக்குக் கம்பெனிதான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனி மேலே எங்கேயும் போகவில்லை. மேரியம்மா சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்த அந்த மேனேஜர்தான் முன்னால் நின்று ஊருக்கு மேட்டுப் பக்கம் போர் போட்டு, தெருவில் குழாயும் வைத்துக் கொடுத்தார். பழைய கிணறு தேற நாளாகும் என்றார்கள். ஆகட்டும்.

ஸ்டெல்லா வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சேதி வந்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். குழந்தையைப் பார்க்கலாமென்று ஒரு காலையில் சைக்கிளில் போனபோது, குழாயடியில் குடங்கள் உருண்டுகொண்டிருந்தன. தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற அளவுக்குத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மனசு குளிர்ந்துபோனது. கூட்டத்துக்கு நடுவே, யார் குடத்தையும் வைக்க விடாமல், இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு மேரியம்மா கத்திக்கொண்டிருந்தார்: "வக்கீலு வந்தாலும் சரி, ஆர்.டி.ஓ.வே வந்தாலும் சரி, எம் பேத்தி குளிச்சாத்தான் மத்தவங்களுக்குத் தண்ணி!"

ஊருக்குத் தண்ணீர் வாங்கித் தரச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது; குழாயடிக்கு நடுவே போய் நிற்கிற வக்கீலைக் காப்பாற்ற எந்தப் பிரிவும் இல்லை என்பதால், சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டேன்.