நீராவிக் குழாயில் காய்ந்த துண்டு

எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற படகுத்துறையில் பயணிகள் உட்காரும் கொட்டகையின் அஸ்திவாரம் நான் போட்டது. மேலே இருந்ததைப் பிறகு வந்தவர்கள் இடித்து மாற்றிவிட்டார்கள். அஸ்திவாரத்தை மட்டும் எவனாலும் அசைக்க முடியவில்லை. பெரார்கஞ்ச் ரோட்டில் ஏழு சின்னப் பாலங்கள், வண்டூரில் ஒரு பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர்த் தொட்டிகள் எத்தனை என்று எனக்கே மறந்துவிட்டது. கப்பல் வந்தால்தான் சிமெண்ட் என்றிருந்த காலம். கடல் மணலை மழைத்தண்ணீரில் மூன்று முறை அலசி, உப்பை எடுத்துக் கட்டினேன். படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு இன்ஜினியர்கள் வந்து அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவும் சொல்வது பெருமைக்காகத்தான், மறைப்பானேன்! ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு.

போன வாரம் அதே கொட்டகையில் படகுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு டீச்சரம்மா போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். என் காதுக்காகச் சத்தமாகவே வாசித்தார். ஏதோ ஒரு தூரதேசத்தில் ஆணோடு ஆண் சேர்ந்து வாழ்ந்தால் சாகும்வரை ஜெயில் என்று சட்டம் போட்டிருக்கிறார்களாம். அது அநியாயம் என்று மற்ற நாட்டுக்காரர்கள் ஊர் ஊராக அட்டை பிடித்து நிற்கிறார்களாம்.

“எதிர்ப்புச் சொன்னவங்க பேரெல்லாம் போட்டிருக்கா?” என்றேன்.

“ஆயிரக்கணக்குல இருப்பாங்களே தாத்தா, எப்படிப் போடுவாங்க?”

“என் பேரு இருக்கணுமே. நல்லாப் பாரும்மா.”

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

படகு கிளம்பியபோது, கரையோரம் தண்ணீரில் ஊறிக் கிடந்த ஒரு பழைய மரத்தின் வாசனை வந்தது. எங்கள் காட்டில் வெட்டுகிற கர்ஜன் மரம் ஊறினால் அதற்கென்று ஒரு வாசனை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. அந்த வாசனை வந்தால் எனக்குச் சுடலை ஞாபகம் வரும். சுடலை வந்தால் பின்னாலேயே அப்பாராவ் வருவான். தனித்தனியாக அவர்கள் எனக்கு ஞாபகம் வந்ததே கிடையாது.

அறுபதுகளின் கடைசி. கட்டட வேலை இல்லாத மாதங்களில் கப்பலுக்கு மரம் ஏற்ற ஆள் கொடுத்துக்கொண்டிருந்தேன். காட்டில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி, லாஞ்சு இழுத்துவந்து கப்பலின் பக்கத்தில் விடும். மிதக்கிற மரத்தின் மேல் நின்று வடக்கம்பியை மாட்டுகிறவன் ஒருவன். கப்பல் மேல் நீராவி வின்ச்சை ஓட்டி அதைத் தூக்குகிறவன் இன்னொருவன். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தெரியமாட்டான். அதனால் நடுவில் ஓர் ஆள் கப்பல் விளிம்பில் நின்று கையை ஆட்டிச் சைகை சொல்லுவான். உலகம் முழுக்க அப்படித்தான். என் ஜோடிக்கு மட்டும் நடு ஆள் வேண்டாம். கீழே திருநெல்வேலிச் சுடலை நாக்கை மடித்து ஒரு விசில் கொடுப்பான். மேலே ஸ்ரீகாகுளத்து அப்பாராவ் அந்த விசிலிலேயே மரத்தின் எடை, அலையின் ஆட்டம், சுடலை கால் வைத்திருக்கும் இடம் எல்லாம் தெரிந்துகொண்டு தூக்குவான். சுடலைக்குத் தெலுங்கு வராது, அப்பாராவுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் பேசியது எங்கள் தீவு இந்தி. அதுவும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் சுடலை நாள் முழுக்க நனைவான். அப்பாராவ் வின்ச்சுக்குப் போகிற நீராவிக் குழாயின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருப்பான். வேலை முடிந்து சுடலை கயிற்றேணியில் ஏறி வந்ததும் அந்தச் சூடான துண்டை அவன் தலையில் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் துவட்டிவிடுவான். தினமும் பார்த்திருக்கிறேன். கூலிக்காரர்கள் லைனில் கடைசி அறை அவர்களுடையது. ஒரே கொசுவலை. ஊருக்கே தெரியும். யாரும் எதுவும் சொன்னதில்லை. அவரவர் ஊரில் சொல்ல முடியாததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்.

அந்த அறைமேல் என் மேஸ்திரி பெருமாளுக்கு ஒரு கண். மெயின்லேண்டிலிருந்து மச்சானைக் குடும்பத்தோடு வரவழைத்திருந்தான், தங்க இடமில்லை.

இந்த இடத்தில் என் ரப்பர் ஸ்டாம்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். மெட்ராஸில் செய்து வாங்கியது. இங்கிலீஷில் என் பேர், கீழே கவர்ன்மெண்ட் காண்டிராக்டர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எதிலும் மை இருந்ததாக ஞாபகமில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பது என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது. சனிக்கிழமை பெருமாள் பேப்பர்களைக் கொண்டுவருவான். பாஸ், பெர்மிட், ஆள் கணக்கு. நான் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, ஒரு தடவை கனைத்துவிட்டு, ஸ்டாம்ப்பைக் குத்துவேன். அந்தக் கனைப்பைக் கேட்டு ஆட்கள் பயப்படுவார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்படிக் கனைத்துக் குத்தியதில் ஒரு பேப்பர் போலீசுக்கு எழுதிய புகார். சுடலையும் அப்பாராவும் கூடாத உறவில் இருப்பதை நானே என் கண்ணால் பார்த்தேன் என்று பெருமாள் டைப் அடிக்க வைத்திருந்தான்.

திங்கட்கிழமை இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஜெட்டியில் கப்பல்களுக்குக் காய்கறி சப்ளை செய்கிற காசிம் பாய்தான் விஷயத்தைச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர், ரங்கூனில் இருந்து வந்தவர், நல்ல இங்கிலீஷ்.

“கேஸ் நின்னுச்சுன்னா ஆயுசுக்கும் போடலாமாம் அண்ணாச்சி. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் ஆயுள் தண்டனைன்னா இந்தத் தீவுக்குத்தான் கொண்டாந்து போட்டான். இங்கயே இருக்கிறவனை எங்க கொண்டு போடுவாங்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எவன் பாய் புகார் கொடுத்தது?”

“நீங்கதான்.”

அன்றைக்கு மரம் ஏற்ற வேறு ஜோடியைப் போட்டேன். நடுவில் சைகைக்கு ஆளும் போட்டேன். இரண்டாவது மரமே காற்றில் சுழன்று விளிம்புக் கம்பியைப் பெயர்த்தது. கீழே நின்றவன் கடலில் குதித்ததால் பிழைத்தான். கப்பலின் மேட், கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, ஓடிவந்து இரண்டு கைகளையும் விரித்து வேலையை நிறுத்திவிட்டார். இங்கிலாந்துக்காரர், செம்பட்டை மீசை. பழைய ஜோடி எங்கே என்று கேட்டார். காசிம் பாய் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் கயிறு சுற்றுகிற இரும்புக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பேசினார், காசிம் பாய் எனக்கு மாற்றிச் சொன்னார்.

“அந்தச் சட்டத்தை இவங்க ஆளுங்கதான் எழுதிவெச்சுட்டுப் போனாங்களாம். இவங்க ஊர்ல இப்பத்தான் அதை எடுத்திருக்காம். ஆனா கரையிலதானாம். கப்பல்ல வேலை செய்யுறவன் கப்பலுக்குள்ள அப்படி இருந்தா அவனுக்கு இன்னும் குத்தம்தானாம்.”

“இது இவருக்கு எப்படி இவ்வளவு விவரமாத் தெரியும்?”

“அண்ணாச்சி, சில கேள்விய கேக்கப்படாது.”

மேட் கப்பல் காகிதத்தில் ஒரு கடிதம் எழுதினார். மனிதரோடு மனிதர் அன்பாக இருப்பதற்கு ஜெயில் எந்த நாட்டிலும் கூடாது, இந்த இருவரையும் விடவேண்டும் என்று. இரண்டு பிரதி. ஒன்று ஸ்டேஷனுக்கு. இன்னொன்று, இப்படிப்பட்ட சட்டங்களை எதிர்த்து நாடு நாடாகக் கடிதம் எழுதுகிற அவருடைய சிநேகிதர்களுக்கு. கிரேக்க இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். ஹாங்காங் சமையல்காரர் படம் வரைகிற மாதிரி போட்டார். கோவாக்காரர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டு போட்டார். நான் ஸ்டாம்ப்பை எடுத்தேன்.

காசிம் பாய் என் கையைப் பிடித்தார். “அது இங்க வேணாம் அண்ணாச்சி. கையால போடுங்க.”

மை உள்ள பேனாவும் அவரே கொடுத்தார். தமிழில் என் பேரை, தகப்பனார் பேரோடு, இரண்டு பிரதியிலும் எழுதினேன். நாலு நாட்டுக்காரர்கள் பொறுமையாக நின்றார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “சேட், வெள்ளைக்காரன் சொல்வது இங்கே செல்லாது. புகாரில் ஸ்டாம்ப் உங்களுடையது. கண்ணால் பார்த்தேன் என்று இருக்கிறது. அது பொய்யா?” என்று இந்தியில் கேட்டார். சுற்றி என் ஆட்கள் இருபது பேர். பெருமாளும் இருந்தான். பெஞ்சில் அவர்கள் இருவரும். சுடலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“என்னத்த மொதலாளி பாத்திய?”

கல்லைத் தூக்கிப் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது சாப்” என்றேன். “இந்தியும் வாசிக்க வராது. அதுல என்ன எழுதியிருந்துதுன்னு தெரியாமத்தான் குத்தினேன். எல்லாப் பேப்பரையும் அப்படித்தான் குத்துறேன்.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. “கண்ணால பார்த்தது ஒண்ணே ஒண்ணு. இவன் நனைஞ்சு வந்தா அவன் சூடாத் துண்டு கொடுப்பான். அதை வேணா எழுதிக்கோங்க, சரியா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

எஸ்.ஐ. பேனாவை மூடினார். துண்டு கொடுப்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்றார். புகாரைக் கிழித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மறுநாள் மரம் ஏறியது. துண்டு குழாயில் தொங்கியது. பெருமாள் அடுத்த கப்பலில் மச்சானோடு ஊருக்குப் போய்விட்டான். எனக்குத்தான் தண்டனை. ஒரு வருஷம் ஜெட்டியில் என்னைக் கண்டவனெல்லாம், “மொதலாளி, இது டீக்கடைன்னு எழுதியிருக்கு, உள்ள வாங்க” என்று போர்டு வாசித்துக் காட்டினான். அப்பாராவ்கூட ஒருநாள் சிகரெட் பெட்டியை வாசித்துக் காட்டினான், அவனுக்கும் படிக்கத் தெரியாது.

இப்போது அந்த லைன் இல்லை. தெப்பம் கட்டி மரம் ஏற்றுவது இல்லை, நீராவி வின்ச் இல்லை. காசிம் பாய் இல்லை. சுடலையும் அப்பாராவும் கடைசியில் பெரார்கஞ்ச் பக்கம் பாக்குத் தோட்டத்தில் ஒரு வீடு போட்டுக்கொண்டார்கள். அஸ்திவாரம் நான்தான் போட்டேன். அப்பாராவ் முதலில் போனான், அடுத்த மழைக்காலத்தில் சுடலை. நம் நாட்டில் அந்தச் சட்டத்தைக் கோர்ட்டு எடுத்தபோது, சொல்ல ஆள் இல்லாமல் நான் மட்டும் தோட்டத்துக்குப் போய்ச் சற்றுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மேட் அனுப்பிய பிரதி எந்த ஊரில், எந்தப் பெட்டியில் இருக்கிறதோ. உலகத்தில் இதை எதிர்த்தவர்களின் பட்டியலை என்றைக்காவது யாராவது எழுதினால், அதைத் தேடி எடுங்கள். கடைசிக் கையெழுத்து தமிழில் இருக்கும், கோணலாக இருக்கும், தகப்பனார் பேரோடு இருக்கும். அது நான். விட்டுவிடக் கூடாது, கண்டிப்பாகப் போடவேண்டும். போடும்போது, அதற்கு முன்னால், புகாரில் நான் குத்திய அந்த ஸ்டாம்ப்பையும் போட்டுவிடுங்கள். அதுவும் நான் செய்ததுதான்.