விருந்தாளிக்குத் தந்த தண்ணீர்

எஸ்தர் இறந்த செய்தி அவர் வீட்டிலிருந்து எனக்கு வரவில்லை. கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து அஞ்சலை என்பவர் போன் செய்தார். எங்கள் ஆய்வுக்காக மாதாமாதம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் தருபவர். "சார், எஸ்தர் மேடம் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்." சொல்லிவிட்டும் அவர் போனை வைக்கவில்லை. "எங்க தண்ணிய இனிமே யாரு சார் பாப்பாங்க?" என்றார்.

சிதம்பரத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் எஸ்தரோடு பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவர் கோபமும் தெரியும். குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்தாலே நாங்கள் எங்கள் கணக்கை மறுபடி சரிபார்ப்போம். என்மீது அவருக்கு இருந்த கோபத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நிலத்தடியில் கடல்நீர் ஊர்ப்பக்கம் ஏறுகிறதா என்று பார்க்க, ஊர்க்காரர்களையே தங்கள் கிணறுகளிலிருந்து தண்ணீர் மாதிரி எடுக்க வைக்கும் திட்டம் எங்களுடையது. நிதி கொடுத்தவர்கள் மக்கள் பங்கேற்பு வேண்டும் என்றார்கள். எனக்கு அது வெறும் சடங்கு. தொடக்க விழா வைத்து, தொப்பியும் சான்றிதழும் கொடுத்து, குழுப் படம் எடுத்தால் பங்கேற்பு முடிந்தது. எஸ்தர் படத்துக்கு நிற்கவில்லை. "உங்களுக்கு இது விழா சார். அவுங்களுக்கு இது குடிக்கிற தண்ணி" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

பாட்டில்கள் ஒழுங்காக வந்தன. எல்லாம் நல்ல தண்ணீர். கிணறுகளில் உப்பு இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழாய்த் தண்ணீர் கேட்டு அந்த ஊர் கொடுத்திருந்த மனுவை, என் அறிக்கையைக் காட்டியே அதிகாரிகள் தள்ளிவைத்தார்கள்.

ஒருநாள் எஸ்தர் முன்கூட்டிச் சொல்லாமல் அஞ்சலை வீட்டுக்குப் போயிருக்கிறார். தாகம். அடுப்படியில் இருந்த பானையில் தானே மொண்டு குடித்தவருக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அப்படி ஒரு உப்பு. அஞ்சலை பதறிப்போனாராம்.

"ஐயோ மேடம், அத ஏன் குடிச்சீங்க? அது நாங்க குடிக்கிறது. உங்களுக்குன்னு முந்திரிக் கொல்லைக் கிணத்துத் தண்ணி தனியா எடுத்து வச்சிருக்கேன்."

"அப்ப பாட்டில்ல குடுத்தது?"

"அதுவும் அந்தக் கொல்லைத் தண்ணிதான். படிச்சவங்க கைக்குப் போறது, இந்த உப்புத் தண்ணியவா ஊத்திக் குடுப்பாங்க?"

எல்லா வீட்டிலும் இதே கதை. மேற்கே வெகுதூரத்தில் இருந்த அந்த ஒரே கிணற்றுத் தண்ணீரை, சைக்கிளில் குடம் கட்டிப் போய் எங்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எஸ்தர் என் மேசை முன் நின்று கண்ணாடியைத் துடைத்தார். "அவுங்க மேல தப்பில்ல சார். நாம விருந்தாளியாப் போனோம், விருந்தாளிக்குக் குடுக்கிறதக் குடுத்தாங்க. அறிக்கைய வாபஸ் வாங்குங்க."

வெளியே தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், சாதாரண மக்களை நம்பினால் இப்படித்தான் என்பார்கள், அடுத்த வருடம் புதிதாக அளந்து சொல்லலாம் என்றேன்.

"அதுவரைக்கும் அவுங்க எதக் குடிப்பாங்க?"

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எஸ்தர் சனிக்கிழமை தோறும் தனியாகவே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனார். வீட்டில் பிள்ளைகள் எந்தப் பானையில் குடிக்கிறார்களோ அதிலிருந்து பிடிக்கச் சொன்னார். மாதாமாதம் ஒரு தாள் என் மேசைக்கு வரும். ஒவ்வொரு தாளிலும் உப்பு முந்தையதைவிட ஏறியிருக்கும். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன்.

எஸ்தரை அடக்கம் செய்த அன்று கடலூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த ஊரே வந்திருந்தது. மண் போட்டு முடித்ததும் அஞ்சலை ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தார். "இது நாங்க குடிக்கிறதுதான் சார்." அன்றே சிதம்பரம் திரும்பி அளந்தேன். எஸ்தர் கடைசியாக எழுதிய அளவையும் தாண்டியிருந்தது. அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே முன்பு எழுதி, என் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார். போட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போது போட்டிருக்க வேண்டிய கையெழுத்து.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய சனிக்கிழமைகளை. இப்போது அந்த பஸ்ஸில் நான் போகிறேன். கடிதத்துக்குப் பதில் வரவில்லை, குழாயும் வரவில்லை. போன வாரம் அஞ்சலையின் பேத்தி அந்தப் பானையில் மொண்டு குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் அந்த ருசிதான்.