சத்தம் போடாத எரர்

ஜெர்மனிக்காரர்களிடம் ஒரு பேச்சுக்குக்கூட “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். ஹனோவரில் என் அலுவலக லிஃப்டில், எங்கள் குழுவில் இருக்கும் பிர்கிட்டிடம் ஒரு நாள் காலையில் கேட்டுத் தொலைத்தேன். முட்டி வலி, சரியான தூக்கமில்லை, மகன் பேசுவதில்லை என்று ஐந்தாம் மாடிவரை சொல்லிக்கொண்டே வந்தார். மீனாட்சிபுரத்தில் பிறந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. எங்கள் பக்கம் காய்ச்சலில் படுத்திருப்பவரும் “நல்லா இருக்கறனுங்க” என்றுதான் சொல்வார். வெளிநாட்டில் இருப்பவனிடம் கெட்ட சேதி சொல்லவே மாட்டார்கள். அப்பா இறந்த அன்று அண்ணன் எனக்குப் போனில் சொன்னது, “அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கெளம்பி வா” என்பதுதான். நான் விமானம் மாறி, கோயமுத்தூரில் இறங்கி, வீட்டு வாசலில் பந்தலைப் பார்க்கும்வரை அப்பா கொஞ்சம் சீரியஸாகவே இருந்தார். அன்பினால் செய்வது என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பிர்கிட்டை லிஃப்டில் பார்த்த அன்றைக்கு அலுவலகத்தில் பெரிய ரகளை. எங்கள் வெப் அப்ளிகேஷன் நான்கு ப்ராஜெக்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றில் இரண்டில் ஒரே பெயரில் ஒரு செட்டிங்ஸ் ஃபைல் இருக்கிறது. அவரவர் ப்ராஜெக்டை அவரவர் ஓட்டிப் பார்த்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. பப்ளிஷ் செய்யும்போதுதான் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து விழும், ஒரே பெயருள்ள இரண்டும் மோதிக்கொள்ளும். அப்படி மோதினால் எரர் காட்டி வேலை நின்றுவிட வேண்டும். ஆனால் எப்போதோ யாரோ, இந்த எரருக்காக நிற்காதே என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பல மாதங்களாகத் திரையில் எல்லாம் சரி என்று பச்சையாகத்தான் தெரிந்தது. உள்ளே தப்பான ஃபைல் போய் உட்கார்ந்திருந்தது. நான் அந்த வரியை எடுத்தேன், உடனே திரை முழுக்கச் சிவப்பு. இரண்டில் ஒரு ஃபைலைப் பப்ளிஷில் சேர்க்க வேண்டாம் என்று குறித்ததும் சரியாகிவிட்டது.

“எரரின் வாயை மூடுகிற வேலையை யார் செய்வார்கள்?” என்று பிர்கிட் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டார்.

“எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வார்கள்” என்றேன்.

“அப்படியா! உங்கள் குடும்பமே சாஃப்ட்வேரில் இருக்கிறதா?” என்றார். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அம்மாவின் நினைவு வந்தது. கொஞ்ச காலமாக அம்மாவிடம் பேச வேண்டுமானால் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேச முடிகிறது. அம்மாவும் “சாப்டயா கண்ணு?” என்று கேட்பாள், உடனே போன் அண்ணன் கைக்குப் போய்விடும். “அம்மா ஜம்முனு இருக்குது” என்பான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டேன். நாங்கள் நங்கையா என்போம். ஊரில் அது சாயங்காலம், அண்ணன் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தான்.

“நங்கையா, அம்மாவுக்கு என்னாச்சுங்க? நெசத்தச் சொல்லுங்க.”

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தம்பி, உங்களுக்குச் சொல்லவே கூடாதுன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கிட்டாருங்க. அத்தைக்கு ஆளே தெரியறதில்லீங்க. நீங்க கூப்புடறப்ப, ‘சாப்டயா கண்ணுன்னு கேளும்மா’ன்னு அவர்தான் காதுல சொல்லிக் குடுப்பாருங்க.”

யார் என்று சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்நிய ஆண்பிள்ளையைப் பார்க்கும் கூச்சத்தோடு என்னைப் பார்த்தாள்.

“ஆருங்க? எந்த ஊருங்க நீங்க?”

“மீனாட்சிபுரந்தானுங்க” என்றேன்.

“அப்படீங்களா? உங்கள நம்மூர்ல பாத்ததே இல்லீங்களே” என்றாள். பிறகு, வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, “இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்” என்றாள்.

“வர்றனுங்க” என்றேன்.