இரண்டாம் படியில் வைத்த சம்பளம்

உத்திரமேரூர் பஞ்சாயத்து போர்டு அலுவலகத்துக்கு மூன்று கல்படிகள். மாதம் பிறந்தால், தெருப் பெருக்குகிறவர்களின் சம்பளம் இரண்டாம் படிக்கு வரும். நிர்வாக அதிகாரி தாண்டவராயன் பணத்தை அங்கே வைத்துவிட்டு மேலே ஏறி நின்றுகொள்வார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தீண்டாமை குற்றம் என்று அச்சடித்த தாள் அந்த அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஒட்டச் சொன்னவரும் அவர்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு சம்பள நாளில் மார்த்தாள் குனியவில்லை. சேரியில் மாதா கோவிலுக்குப் பின்னால் குடியிருந்தவள். புருஷன் இல்லை, அம்முலு என்று ஒரே மகள். அதிர்ந்து பேசாதவள் அன்றைக்குக் கையை நீட்டினாள்.

"கையில குடுங்க சாமி. பிச்சக்காரனுக்குக்கூட கையிலதான போடறாங்க?"

மறுவாரமே அவளுக்கு வேலை இல்லை. சரியாகப் பெருக்குவதில்லை என்று காரணம் எழுதினார்கள். அவள் பெருக்கிய சன்னதித் தெருவில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் வாயில் அன்று கொழுக்கட்டை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்ட ஊர் என்று மார்தட்டுகிறவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

மார்த்தாள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பாதிரியார் சொல்லி, சென்னையில் தொழில் செய்த காஞ்சிபுரத்து வக்கீல் பாண்டுரங்கன் வழக்கை எடுத்துக்கொண்டார். காசு வாங்கவில்லை, நல்ல மனுஷர். வழக்கு இழுத்தது. அவள் மாகறல் பக்கம் நடவுக்குப் போனாள். அம்முலுவின் கம்மல் அடகுக் கடைக்குப் போய், காதுத் துளையில் வேப்பங்குச்சி ஏறியது.

கடைசியில் ஹைகோர்ட்டு அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேலையைத் திருப்பிக் கொடு, நின்ற நாள் சம்பளம் முழுவதையும் கொடு என்று உத்தரவு. தாண்டவராயன் அதைப் படித்து, மடித்து, மேசைக்குள் வைத்துப் பூட்டினார். துடைப்பமும் வரவில்லை, பாக்கியும் வரவில்லை. பாண்டுரங்கன் விடாமல் மறுபடி வழக்குப் போட்டார்.

"இது கோர்ட்டு அவமதிப்பும்மா. அவரே நேர்ல வந்து பதில் சொல்லியாகணும். இல்லேன்னா ஜெயில்."

"கோர்ட்ட மதிக்கலன்னா அவ்ளோ கோவம் வருமா வக்கீல் ஐயா? நல்லதுதான். எனுக்கும் அப்டித்தான் இருந்திச்சி."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், போர்டு பியூன் பச்சமுத்து மூச்சிரைக்க வந்தார். துணியில் முடிந்த பணத்தை அவள் வாசலில், தரையில் வைத்தார்.

"மொத்தப் பாக்கியும் கீது மார்த்தா. வேலயும் உண்டு. எடுத்துக்கினு ஒரு கைநாட்டு வையி. கேசு தீந்துடும்."

அம்முலு முடிச்சைப் பார்த்தாள். அவள் விரல் தானாகக் காதுக்குப் போனது. மார்த்தாள் அதைப் பார்த்தாள். குனிந்தால் நாளைக்கே கம்மல் வந்துவிடும்.

"யார் வெக்கச் சொன்னாங்களோ அவரு கையால என் கையில குடுக்கட்டும். நீ எடுத்துக்கினு போண்ணே."

"வீம்பு பண்ணாத. நாளைக்கி கோர்ட்டுல வேற மாரி ஆயிட்டா இன்னா பண்ணுவ?"

"ஆனா ஆவட்டும்."

அவர் போன பிறகுதான் அழுதாள். மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வயிறு எரிய அழுதாள்.

மறுநாள் ஹைகோர்ட்டில் தாண்டவராயன் கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டார். பணம் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். இப்போதே கொடுங்கள் என்றார் நீதிபதி. தாண்டவராயன் முடிச்சை எடுத்து வந்தார். வந்தவர் என்ன செய்தார்? மார்த்தாள் பக்கத்திலிருந்த பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். ஜெயில் பயத்திலும் பழக்கம் விடவில்லை!

மார்த்தாள் அசையவில்லை.

"ஏம்மா, எடுத்துக்கலையா?" என்றார் நீதிபதி.

அவள் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெச்சா எடுக்க மாட்டன் சாமி. கையில கேட்டதுக்குத்தான் என் வேலயே பூட்ச்சி. கையில குடுக்கச் சொல்லுங்க."

பாண்டுரங்கன் எழுந்து படிக்கட்டுக் கதையைச் சொன்னார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையில் கொடுங்கள்."

கொடுத்தார். விரல் பட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மார்த்தாள் அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது.

கம்மல் திரும்பி வந்தது, துடைப்பமும் வந்தது. அடுத்த மாதச் சம்பள நாளன்று தாண்டவராயன் எங்கோ பார்த்தபடி மார்த்தாளின் கையில் பணத்தைக் கொடுத்தார். அவளுக்கு அடுத்து நின்றவள் பாஞ்சாலி, அதுவரை அந்தப் படிக்கு முன்னால் தலை நிமிராதவள். அவளுடைய சம்பளத்தை அவர் வழக்கம்போல இரண்டாம் படியில் வைத்தார். உத்தரவு மார்த்தாளுக்கு மட்டும்தானே என்பது அவர் எண்ணம்.

மார்த்தாளுக்குச் சுருக்கென்றது. கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பாஞ்சாலி கையை நீட்டிவிட்டாள்.

"எனுக்கும் கையில குடுங்க சாமி."

தாண்டவராயன் அவளைப் பார்த்தார். மார்த்தாளைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, குனிந்து, படியிலிருந்து அந்தப் பணத்தை எடுத்தார்.