சர்க்கார் வக்கீல் எங்க வீட்டுப் பெண்

போன செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனேன். பதற வேண்டாம்... என் மேல் கேஸ் எதுவும் இல்லை. என் தங்கை அமலா அரசு உதவி வழக்கறிஞராகி மூன்று மாதம் ஆகிறது. அவள் வாதாடுவதை ஒருநாளாவது பார்க்க வேண்டாமா? ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையோடு பட்டாபிராமிலிருந்து பஸ் ஏறினேன்.

போனால் — அமலாவைக் காணோம்!

வராந்தா பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் கன்னியம்மா. டிபன் வண்டி வைத்திருக்கிறார். ஒருத்தன் வண்டியைக் கவிழ்த்து, இவர் கையையும் உடைத்துவிட்டான். சாட்சி சொல்ல வந்திருந்தார்.

"ஆறு வாட்டி வந்துட்டேன் நைனா. சர்க்கார் வக்கீல் இல்லன்னு வாய்தா மேல வாய்தா போட்டுகினே கீறாங்கோ. இன்னிக்கும் இல்லன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். அடிச்சவன் ஜாலியா சுத்திகினு கெடக்கட்டும்!"

எனக்குச் சுருக்கென்றது. அமலா வரும்வரை அந்த இடம் ரொம்ப நாள் காலி. பக்கத்துக் கட்டட கோர்ட்டில் இன்னும் காலி. அதையும் இவள்தான் சேர்த்துப் பார்க்கிறாள்.

வக்கீலுக்கா பஞ்சம்? பூந்தமல்லி டீக்கடை எதிலும் நாலு கறுப்புக் கோட்டு நிற்குமே!

நானும் அப்படித்தான் கேட்டேன், அமலா விண்ணப்பம் போடுகிற வரைக்கும். ஐந்து வருஷம் கிரிமினல் கேஸ் நடத்தியிருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். இவள் நடத்தியதோ ஏழு வருஷம். ஆனால் ஒரு வக்காலத்திலும் இவள் பேர் இல்லை! எல்லாம் சீனியர் பேர். "அவர் பேருக்குக் கீழே என் பேரா? மரியாதையா இருக்குமா அண்ணா?" என்று இவளே ஒதுங்கிக்கொண்டாளாம். ஜூனியர்கள் பாதிப்பேர் இப்படித்தான். ஏழு வருஷம் நின்று பேசியவள், காகிதத்தில் ஆளே இல்லை. அன்றைக்கு வீட்டில் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

காப்பாற்றியது ஒரு டைப்பிஸ்ட். சாட்சியம் டைப் அடிக்கும்போது, குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் பேரைக் கேட்டுக் கேட்டு அடித்து வைத்திருந்தார் அந்தப் புண்ணியவதி. அமலா பழைய வழக்குகளுக்கு நகல் மனு போட்டு, ஒவ்வொரு தாளாக வாங்கினாள். தாளுக்குத் தாள் அவள் பேர்! சான்று கிடைத்தது, தேர்வு எழுதினாள், ஜெயித்தாள்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே, பக்கத்துக் கட்டடத்திலிருந்து கேஸ் கட்டோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள் அமலா. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"கன்னியம்மா யாரு? வாங்கம்மா, இன்னிக்கு முடிச்சிடலாம்."

கால் மணி நேரம். என்ன நடந்தது, யார் அடித்தது, எந்தக் கை... நிதானமாகக் கேட்டாள். கன்னியம்மா கோர்ட் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். கடைசி வரிசையில் என் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

எதிர்த்தரப்பில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தது ஒரு சின்னப் பெண். அமலா அவள் பக்கம் திரும்பினாள்.

"உன் பேரைச் சொல்லும்மா, டைப் ஆகட்டும்."

"சீனியர் பேரே இருக்கட்டும் மேடம்..."

"கேள்வி கேட்கப்போறது நீதானே?"

அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தன் பேரைச் சொன்னாள்.

வெளியே வந்ததும் கன்னியம்மா, "யாரு நைனா அந்தப் பொண்ணு?" என்றார்.

"என் தங்கச்சிம்மா!" தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி கேட்டேன்: "ஏன்டி, எதிர்த்தரப்பு வக்கீல் பேர் ஏறாட்டா உனக்கென்ன?"

ஒரு வாய் சாப்பிட்டவள், பக்கத்துக் கட்டடத்துக்கு ஓட எழுந்துவிட்டாள்.

"அங்கே காலியா கிடக்கிற இடத்துக்கும் நாளைக்கு ஒரு ஆள் வரணும்ல அண்ணா!"