ஊருக்கு வெளியே என்றால் எதற்கு வெளியே?

நான் பிறந்த இடத்தை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், அந்த ஊருக்கு வெளியே காலனி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், ரேஷன் கடையிலும், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வாயிலும் இந்த 'வெளியே' எங்களோடு ஒட்டிக்கொண்டே வந்தது. எதற்கு வெளியே என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் வாசலில் நின்று பார்த்தால் சுற்றிலும் வயல், தெற்கே கண்மாய்க் கரை, கரைக்கு அந்தப் பக்கம் ஊர். நடுவில் இருந்தது நாங்கள். வெளியே இருந்தது அவர்கள். சின்ன வயதில் இதைச் சத்தமாகச் சொன்னபோது அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆனையூரில் வாடகை வீடு. ஒவ்வொரு வருஷமும் இயக்கவியல் பாடம் தொடங்கும்போது ஒரு பழைய சண்டையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பாடப்புத்தகம் அதற்கு இரண்டே வரி கொடுத்திருக்கிறது. நான் இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்வேன். போர்ஷன் முடியாது என்று துறைத்தலைவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சண்டை இதுதான். முன்னூறு வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆங்கிலேயர் சொன்னார்: வெளி என்பது தனியாக இருக்கிறது. அதில் உள்ள பொருள்களையெல்லாம் எடுத்துவிட்டாலும், ஆள் காலி செய்த வீடு மாதிரி அது அப்படியே இருக்கும், அசையாது. அந்த அசையாத வெளியை வைத்துத்தான் எது உண்மையில் நகர்கிறது, எது உண்மையில் நிற்கிறது என்று சொல்ல முடியும். ஜெர்மன்காரர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பொருள்கள் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கின்றன என்பதற்குத்தான் வெளி என்று பெயர் வைத்திருக்கிறோம், பொருளே இல்லை என்றால் வெளியும் இல்லை என்றார். மொத்த உலகத்தையும் அப்படியே தூக்கிக் கொஞ்சம் கிழக்கே வைத்தால் யாருக்காவது தெரியுமா? தெரியாது. தெரியவே தெரியாத ஒன்றை இருக்கிறது என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும் என்று கேட்டார்.

கல்லூரியில் படிக்கும்போது இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஹாஸ்டல் மாடியில் தனியாக நின்று சிரித்தேன். ஜெர்மன்காரர் என் கட்சி. அசையாத நடு என்று ஒன்று கிடையாது. ஊர் காலனியிலிருந்து எவ்வளவு தூரமோ காலனியும் ஊரிலிருந்து அவ்வளவு தூரம்தான். அப்படியானால் யாரை யாருக்கு வெளியே என்பது? ஆங்கிலேயருடைய அசையாத வெளியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் மந்தைதான் ஞாபகம் வரும். ஊருக்கு நடுவில், வேப்பமரத்தடியில், கூட்டம் கூடும் அந்தப் பொட்டலிலிருந்துதான் அங்கே எல்லாவற்றையும் அளப்பார்கள். மந்தை நிற்கும். நாங்கள் வருவோம், போவோம், ஒதுங்குவோம்.

ஆனால் ஆங்கிலேயர் ஒரு வாளியை வைத்திருந்தார். அந்த வாளியின் மேல் எனக்குப் பல வருஷம் கோபம். ஒரு வாளித் தண்ணீரைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை நன்றாக முறுக்கி விடுங்கள். முதலில் வாளி மட்டும் சுற்றும், தண்ணீர் சமமாக இருக்கும். பிறகு தண்ணீரும் வாளியோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும், நடுவில் குழிந்து விளிம்பில் ஏறும். அந்த நேரத்தில் வாளியை வைத்துப் பார்த்தால் தண்ணீர் நகரவே இல்லை. இருந்தாலும் ஏறி நிற்கிறது. தான் சுற்றுவது தண்ணீருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் லேபில் ஃபேன் கொக்கியில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டிச் செய்து காட்டுவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரியும். எல்லா நகர்வும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று நகர்வதுதான் என்று அடித்துச் சொல்ல விடாமல் அந்த வாளி குறுக்கே நின்றது. அதற்கும் பதில் சொன்னவர்கள் பின்னால் வந்தார்கள். தூரத்து நட்சத்திரங்களையெல்லாம் சேர்த்துக்கொள், தண்ணீர் சுற்றுவது அவற்றைப் பார்த்துத்தான் என்றார்கள். சண்டை இன்னும் முடியவில்லை.

எனக்கு முடிந்தது பஸ்ஸால்.

மேலூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ் வரும். மந்தையில் திரும்பி, டிரைவர் டீ குடிக்கும் நேரம் நின்றுவிட்டுப் போகும். காலனி அங்கிருந்து கண்மாய்க் கரை வழியாக அரை கிலோமீட்டர். தார் ரோடு காலனி வரைக்கும் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் லாரியே திரும்பும் அளவுக்கு இடம் உண்டு. பஸ் மட்டும் வராது. அம்மா எங்கள் கொஞ்ச நிலத்தில் விளையும் கத்தரி, வெண்டையைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்து மந்தை வரைக்கும் நடந்து, பஸ் ஏறி, மேலூர் சந்தையில் போட்டு விற்பாள். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். இப்போது தன் நிலத்துக் காயை விற்கிறோம் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன மழைக்காலத்தில் கரையில் வழுக்கி விழுந்தாள். ஏற்கெனவே தேய்ந்திருந்த முழங்கால் வீங்கிப்போனது. இனிமேல் சுமையோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆனையூருக்கு வந்துவிடச் சொன்னேன்.

"நான் எதுக்குடி வரணும்?" என்றாள்.

"நடக்க முடியலேல்லம்மா. யாவாரத்த விட்டுட்டு வந்து என்கூட இரு."

"யாவாரத்த விட்டுட்டு ஒன் வீட்டுல டிவி பாக்கவா? நான் வரமாட்டேன். அம்புட்டு அக்கறை இருந்தா அந்த பஸ்ஸ வரச் சொல்லு."

வாயைப் பொத்தியவள் இவள்தானா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு வேலையில் இறங்கினேன். டிப்போவில் கேட்டதற்கு, கிராம சபையில் தீர்மானம் போட்டு வாங்கி வாருங்கள் என்றார்கள்.

கிராம சபை மந்தையில்தான் கூடியது. எங்கள் ஆட்கள் வழக்கமாக ஓரமாக நிற்பார்கள். நான் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பக்கத்தில் நின்று பேசினேன். ஊரில் பெரிய மனிதர் ஒருவர், பஞ்சாயத்தில் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது, சாவகாசமாகக் கேட்டார்.

"ஊருக்குத்தான் பஸ் வருதே தாயி. இங்க வந்து ஏறிக்கிற வேண்டியதுதானே? எம்புட்டுத் தூரம், அரை கிலோமீட்டரு."

"உங்களுக்கும் அதே அரை கிலோமீட்டர்தான் அண்ணே. பஸ் காலனியில நிக்கட்டும். நீங்க அங்க வந்து ஏறிக்கங்க."

நான் சொன்ன யோசனையைவிட அந்த 'அண்ணே'தான் அவர்களைச் சுட்டது. காலனிக்காரி அங்கே 'ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். மதுரைக்குள் டீக்கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லோரும் அண்ணேதான், இந்த மந்தையில் மட்டும் அந்த வார்த்தைக்கு வேலி. வேண்டுமென்றேதான் சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்வேன்.

பின்னாலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். இன்ஜினீயரிங் படித்தவன், பெரியவருக்குச் சொந்தம். என்னை அக்கா என்று கூப்பிட அவனுக்கு நா எழவில்லை.

"மேடம், நீங்க பிசிக்ஸ்தானே? எல்லாமே ரிலேட்டிவ்தானே? பஸ் உங்ககிட்ட வந்தா என்ன, நீங்க பஸ்கிட்ட வந்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. என் கட்சியின் வாதம் அது. நான் மாடியில் நின்று சிரித்த சிரிப்பு அது. அதை எடுத்து என் அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் வைக்கிறான். அப்போதுதான் அந்த வாளி எனக்கு உதவிக்கு வந்தது.

"ஒண்ணு இல்ல தம்பி. படத்துல கோடு போட்டுப் பாத்தா ஒண்ணு. தண்ணி வாளியச் சுத்திவிட்டா, எது சுத்துதுன்னு யாரும் சொல்ல வேணாம், தண்ணியே ஏறிக் காட்டும். அது மாதிரி, நடக்குறவ காலு காட்டுது. இந்தா, வீங்கிப் போய் இருக்கு, வந்து பாரு. நாங்க நடந்து வந்தா எங்க காலு வலிக்கும். பஸ் வந்தா பஸ்ஸுக்கு எந்தக் காலு வலிக்கும்?"

அவன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் ஒருவர் உட்கார்ந்ததால் தீர்மானம் வந்துவிடுமா? பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஒனக்கு ஓட்டு ஆனையூர்லதானே தாயி? இதுல நீ எப்புடிப் பேசலாம்?" என்றார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்கள்.

தூரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் என்று ஜெர்மன்காரரை வைத்து அடித்தேன். வலி ஒரு பக்கம்தான் என்று ஆங்கிலேயரை வைத்து அடித்தேன். அவர்களுக்கு இரண்டும் உறைக்கவில்லை. ஏனென்றால் அவர்கள் பேசியது தூரத்தைப் பற்றியே இல்லை. கடைசி நிறுத்தத்தில் ஏறுபவர்களுக்குத்தான் முதலில் இடம் கிடைக்கும். காலனியிலிருந்து பஸ் புறப்பட்டால் ஜன்னலோரம் நாங்கள் உட்கார்ந்து வருவோம். மந்தையில் ஏறுகிறவர்கள் எங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தபோது அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. வலி கொஞ்சம் குறைந்ததும் அம்மா பிடிவாதமாகச் சந்தைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் நான் மேலூர் போய் அவளோடு பஸ் ஏறினேன். காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பையும் சாக்குமாக இருந்தார்கள். மந்தை வந்தது. எல்லோரும் எழுந்தோம். அம்மா எழவில்லை.

"கடைசி ஸ்டாப்பும்மா, எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"எந்திரிக்க முடியலய்யா" என்றாள் அம்மா. நான் கையைக் கொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை. வெளியே மந்தையைப் பார்த்தாள். "முடியலன்னு இல்ல. எந்திரிக்க மாட்டேன். கடைசி ஸ்டாப்பு யாருக்கு? எனக்கு இன்னும் எடம் வரல."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பையைத் தூக்கியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். மந்தையில் கூட்டம் சேர்ந்தது. பெரியவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"என்ன, பஸ்ஸ மறிக்கிறீங்களா?"

"யாரும் மறிக்கல அண்ணே. நாங்க உக்காந்துதான் இருக்கோம். நகர வேண்டியது பஸ்தான்."

யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். யாரோ போலீஸைக் கூப்பிடு என்றார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டத் தொடங்கியதும் டிரைவர் டீ குடித்த கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். "ரோடு இருக்கு, திருப்ப எடம் இருக்கு. போய்ட்டு வாரேன்ணே" என்று பெரியவர் பக்கமாகப் பொதுவில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கண்மாய்க் கரையில் முதல் தடவையாக பஸ் வெளிச்சம் விழுந்தது. காலனிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அல்ல, கோபத்தில். இம்மாத்திரம் தூரத்துக்கா இத்தனை வருஷம்?

அதன் பிறகு பெண்கள் தினமும் உட்கார்ந்தார்கள். சில டிரைவர்கள் போனார்கள், சிலர் திட்டினார்கள். கடைசியில் டிப்போவிலிருந்து ஆட்கள் வந்து ரோட்டைப் பார்த்துவிட்டு, காலனி வரைக்கும் ரூட்டை நீட்டினார்கள். ஆனையூருக்கு வருகிற பேச்சே அம்மாவிடம் இல்லை.

போன வாரம் போனில் பேசினாள். காலை பஸ்ஸில் பெரியவர் மந்தையில் ஏறியிருக்கிறார். வண்டியில் ஓர் இடம்தான் பாக்கி, அம்மாவுக்குப் பக்கத்து சீட்.

"உக்காருங்கண்ணேன்னு சொன்னேன்டி" என்றாள்.

அவள் 'அண்ணே' என்று சொன்னதை நான் கவனித்தேன். "உக்காந்தாரா?"

"இல்ல. மேலூரு வரைக்கும் கம்பியப் பிடிச்சு நின்னுகிட்டே வந்தாரு. அவருக்கும் முட்டு வலி இருக்கு, மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுச்சு."

"பாவமா இருந்துச்சா?"

"எனக்கென்னடி பாவம்? நான் தள்ளித்தான் உக்காந்துருந்தேன். சீட்டு காலியாத்தான் வந்துச்சு."