அஷ்டமியில கைமாறின பின்பால் மிஷின்

1989-ல எங்க ஊர் கார்த்திகை தீபத்துக்கு வந்த பொருட்காட்சியிலதான் பின்பால் மிஷினை முதல்ல பாத்தேன். சரிவான பலகையில இரும்பு குண்டு உருண்டு வரும். ரெண்டு பக்கமும் பட்டனைத் தட்டி அதைக் கீழ விழாம மேல தள்ளணும், அவ்ளோதான். டி.வி. ரிப்பேர் பண்றவனுக்கு ஆட்டத்தைவிட உள்ள இருக்கறதுமேலதான் கண்ணு. ஒண்ணு என் வீட்டுக்கு வந்தே ஆகணும்னு அப்பவே பிடிச்சுது பைத்தியம்.

பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர், பாண்டிச்சேரியில மூடின கேம் கடையிலேர்ந்து பழைய மிஷின் ஒண்ணைக் கொண்டாந்தார். சிப்பு கிப்பு எதுவும் கெடையாது. எல்லாம் டக்டக்னு ஒட்டி விலகற ரிலே ஸ்விட்ச், கம்பி சுத்தின காயில். குண்டு இடிச்சா நெஜ மணியே அடிக்கும், நம்பர் போட்ட சக்கரம் கடகடன்னு சுத்தி பாயின்ட் ஏறும். இதை யோசிச்சவன் மூளையே மூளை. கூலி வாங்காம நான்தான் ரிப்பேர் பாத்தேன். ஊருக்குப் போறப்ப உனக்குத்தான்னு சொல்லியிருந்தார்.

சொன்ன மாதிரியே கூப்ட்டார். அன்னைக்குப் பாத்து அஷ்டமி, மறுநாள் நவமி. புதுப் பொருள் எதுவும் வாசப்படி ஏறக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி ஒரே பிடியா நின்னா. தசமிக்கு வரேன்னேன், அவரும் சரின்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காம சகலைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். என் கொழுந்தியா வீட்டுக்காரன், வேங்கிக்கால்ல கவர்மென்ட் உத்தியோகம். அன்னைக்கு சாயங்காலமே மினி லாரியோட போய், அண்ணன் வீட்ல இடம் இல்லியாம்னு சொல்லித் தூக்கிட்டு வந்துட்டான். கேட்டா, "நீங்க வேணாம்னுட்டீங்கன்னு நெனச்சேண்ணா"ன்றான்.

எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அஷ்டமியில தூக்கினவனுக்கு ஒரு கெடுதலும் வரல, ப்ரமோஷன்தான் வந்துது. சொந்த வீட்டு ஹால்ல நடு நாயகமா நிறுத்தி, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிட்டிருந்தான். ரிப்பேர்னா எனக்குத்தான் போன் வரும். போகக் கூடாதுன்னு நெனப்பேன். ஆனா வேற எவனாவது அதுல கை வெக்கறதை நெனச்சாலே தாங்காது, சைக்கிளை எடுத்துடுவேன்.

ஒரு தடவை மெட்ராஸ்லேர்ந்து, பழைய மிஷின் சேக்கறவர் ஒருத்தர் பாக்க வந்தார். மூடியைத் தெறந்து உள்ள பாத்துட்டு, இவ்ளோ சுத்தமா யாருங்க வெச்சிருக்கறதுன்னு கேட்டார்.

சகலை என்னைக் கை காட்டினான். "நம்ம மெக்கானிக். எப்ப கூப்ட்டாலும் வந்துடுவாரு."

ஸ்க்ரூடிரைவரும் கையுமா நின்னேன். இது எனக்குன்னு சொன்ன மிஷின்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துது. அதுக்குள்ள உள்ள ஒரு ரிலே ஒட்டிக்கிச்சு, குனிஞ்சு அதைப் பாக்கப் போயிட்டேன்.